வென்றார் என்பதற்கு எந்த ஆங்கிலம்? தேர்தல் முடிவு எழுத வந்திருக்கும் புதியவர்களுக்கு

2023 மே 13, சனிக்கிழமை. கர்நாடகச் சட்டமன்றத் தேர்தலின் வாக்குகள் எண்ணப்பட்ட நாள். மாநிலத்தின் 224 இடங்களில் காங்கிரஸ் 135 இடங்களைப் பிடித்தது. அதே தேர்தலில் பெங்களூரு ஜெயநகர்த் தொகுதியில் பா.ஜ.க.வின் சி.கே. ராமமூர்த்தி, காங்கிரஸின் சௌமியா ரெட்டியைவிட 16 வாக்கு கூடுதலாகப் பெற்றார். மறு எண்ணிக்கை வரை போய், இரவு வெகுநேரம் கழித்துத்தான் அந்த முடிவு வந்தது. தமிழில் இரண்டையும் 'வெற்றி' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். ஆங்கிலத்தில் அது முடியாது. முதலாவதற்குப் பொருந்தும் சொல் இரண்டாவதற்குப் பொருந்தாது. இடம் மாற்றிப் போட்டால் செய்தியே தப்பாகிவிடும்.

பெங்களூருவின் ஹலசூரிலோ சிவாஜி நகரிலோ பி.ஜி.யில் இடம் பிடித்துத் தங்கி, மொழிபெயர்ப்பு நிறுவனத்திலோ செய்தித் தளத்திலோ கட்சிகளின் சமூக ஊடகப் பிரிவிலோ வேலைக்குச் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். முடிவு நாளில் ஒரு திரையில் தமிழ்ச் செய்தி ஓடும், இன்னொரு திரையில் கன்னடச் செய்தி ஓடும், நீங்கள் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும். ஆங்கிலத் தொடர்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். 'வன்' என்று வரும் இடமெல்லாம் 'வின்' என்பதன் இறந்தகாலம் என்று கொள்ளுங்கள்.

சொல்லைத் தேடும் முன் நான்கு குறிப்பு

ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். வென்றது யார்: வேட்பாளரா, கட்சியா, கூட்டணியா? வென்றது எதை: ஒரு தொகுதியையா, அதிக இடங்களையா, பெரும்பான்மையையா? எவ்வளவில்: பெற்ற வாக்கு எத்தனை, வித்தியாசம் எத்தனை, மொத்தத்தில் அது எந்தப் பங்கு? நான்காவது, இதைச் சொன்னது யார்: தேர்தல் அதிகாரியா, வேட்பாளர் தானே சொல்லிக்கொள்கிறாரா, தொலைக்காட்சியின் கணிப்பா?

நான்குக்கும் விடை எழுதிவிட்டால், ஆங்கிலத்தில் பொருந்தக்கூடிய சொற்கள் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும். எண் தெரியாமல், தமிழ்ச் செய்தியில் 'அமோக வெற்றி' என்று இருப்பதைப் பார்த்து அதற்கு இணையான ஆங்கில அடைமொழியைத் தேடப் போவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. தமிழ்ச் செய்தியில் 'அமோக' என்பது பல நேரம் வெறும் ஓசைக்காக வருவது. ஆங்கில வாசகர் அடைமொழியை எண்ணாகப் படிப்பார்.

எண்களுக்குத் தேர்தல் ஆணையத்தின் முடிவுப் பக்கம்தான் இடம். தொகுதிக்கு ஒரு வரி இருக்கும். முன்னிலை வேட்பாளர், அவர் கட்சி, பின்தங்கியவர், அவர் கட்சி, மார்ஜின், எந்தச் சுற்று, கடைசியாக நிலை. அந்தக் கடைசிக் கட்டத்தில் 'ரிசல்ட் இன் ப்ராக்ரஸ்' என்று இருக்கும்வரை 'வன்' என்ற சொல்லை எடுக்காதீர்கள். 'ரிசல்ட் டிக்ளேர்டு' என்று மாறட்டும். இன்னொன்று: எண்ணிக்கை நடந்துகொண்டிருக்கும்போதும் அந்தப் பக்கம் 'மார்ஜின்' என்றே காட்டும். அதைப் பார்த்து நீங்களும் 'மார்ஜின்' என்று எழுதிவிட வேண்டாம். பாதி வழியில் இருப்பது 'லீட்'. எண்ணி முடித்த பிறகு நிற்பதுதான் 'மார்ஜின்'. தமிழில் இரண்டுக்கும் 'வித்தியாசம்' என்று ஒரே சொல் இருப்பதால் இது அடிக்கடி நழுவுகிறது.

முன்னிலைக்கும் வெற்றிக்கும் நடுவே

காலை 8 மணிக்குத் தபால் வாக்குகள், அரை மணி கழித்து இயந்திரங்கள். வழக்கமாகத் தொகுதிக்கு 14 மேசை, ஒரு சுற்றில் 14 வாக்குச்சாவடி. சாவடிகளை வரிசை எண்படி எடுப்பதால் முதல் சில சுற்றுகள் தொகுதியின் ஒரு பக்கத்தை மட்டுமே காட்டும். ஒரு வட்டாரத்தில் பலமான கட்சி காலை பத்து மணிக்கு ஓகோ என்று தெரிந்து, பிற்பகலில் காணாமல் போவது இதனால்தான்.

ஆகவே அந்த நேரத்தில் 'இஸ் லீடிங் பை', 'இஸ் அஹெட் பை' ஆகிய இரண்டு மட்டுமே பத்திரம். 'இஸ் செட் டு வின்', 'இஸ் பாய்ஸ்ட் டு வின்' என்பவை கணிப்பு. மிச்சமிருக்கும் மொத்த வாக்கைவிட முன்னிலை பெரிதாக இருந்தால் ஒழிய அவற்றைத் தொடாமல் இருப்பது நல்லது. 'இஸ் வின்னிங்' என்று எழுதலாமா என்று கேட்பார்கள். இலக்கணப்படி தவறில்லை, பொருள் 'இப்போதைக்கு முன்னால் இருக்கிறார்' என்பதுதான். ஆனால் தலைப்பில் அதை 'வென்றுவிட்டார்' என்று வாசிப்பவர்கள் அதிகம். தவிர்த்துவிடுங்கள்.

அவசரத்தின் விலைக்குப் பெயர்போன உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 1948 அதிபர் தேர்தலில் சிகாகோ டெய்லி ட்ரிப்யூன் பத்திரிகை, எண்ணிக்கை முடியும் முன்பே 'டூயி டிஃபீட்ஸ் ட்ரூமன்' என்று முதல் பக்கத் தலைப்பிட்டு அச்சடித்துவிட்டது. வென்றது ட்ரூமன். அவர் அந்தப் பத்திரிகையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் படம் இன்றும் பாடமாகக் காட்டப்படுகிறது.

முடிவை அறிவிப்பது குறித்த தொடர்கள் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பேசுபவர் வேறு. 'ஹி வாஸ் டிக்ளேர்டு எலெக்டட்' என்றால் தேர்தல் நடத்தும் அதிகாரி சட்டப்படி அறிவித்துவிட்டார் என்று பொருள். படிவம் 21சி-யில் அறிவிப்பு, படிவம் 22-ல் சான்றிதழ். 'ஹி டிக்ளேர்டு விக்டரி' என்றால் வேட்பாளர் தாமே மேடையேறி 'நான் வென்றேன்' என்று சொன்னார், அவ்வளவுதான். 'ஹி க்ளெய்ம்டு விக்டரி' என்பதில் அதற்கும் மேல் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது: அவர் சொல்கிறார், மற்றவர்கள் ஏற்கவில்லை அல்லது இன்னும் உறுதியாகவில்லை. 'டிக்ளேர்டு' என்ற ஒரே சொல் யார் வாயிலிருந்து வருகிறது என்பதை வைத்து இரண்டு செய்தி உண்டாகிறது. புதியவர்கள் 'வெற்றி அறிவிப்பு' என்ற தமிழை அப்படியே 'டிக்ளேர்டு விக்டரி' ஆக்கிவிடுவதால் அதிகாரி சொன்னது வேட்பாளர் சொன்னதாக மாறிப் போகிறது.

அமெரிக்கச் செய்திகளை மொழிபெயர்க்கும்போது 'கால்டு தி ரேஸ்', 'ப்ரொஜெக்டட் வின்னர்' என்று வரும். அங்கே செய்தி நிறுவனங்கள் அதிகாரபூர்வ முடிவுக்கு முன்பே கணக்குப் போட்டு வெற்றியாளரைச் சொல்லும் வழக்கம் உண்டு. நம் ஊர்ச் செய்திக்கு அந்தத் தொடர்களைக் கொண்டுவராதீர்கள். சட்ட ஆவணம் மொழிபெயர்ப்பவர்கள் 'ரிட்டர்ன்டு கேண்டிடேட்' என்பதைச் சந்திப்பார்கள். திரும்பி வந்த வேட்பாளர் என்று பொருளல்ல. 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு அதுதான் பெயர்.

'வெல்' என்ற வினையும் 'வின்' என்ற வினையும்

நம் வினை தாராளமானது. தேர்தலை வென்றார், தொகுதியை வென்றார், எதிராளியை வென்றார், மூன்றும் சரி. ஆங்கிலத்தின் 'வின்' ஆளைச் செயப்படுபொருளாக ஏற்காது. 'ஹி வன் தி இலெக்ஷன்', 'ஹி வன் தி சீட்' சரி. 'ஹி வன் ஹிஸ் ரைவல்' தவறு. ஆளை வெல்வதற்கு 'டிஃபீட்' அல்லது 'பீட்' வேண்டும். 'பீட்' பேச்சுக்கும் தலைப்புக்கும், 'டிஃபீட்' செய்தி உடலுக்கும் பொருந்தும். 'பீட்' இறந்தகாலத்திலும் 'பீட்' தான். 'பீட்டட்' என்று ஒரு சொல் கிடையாது. தோற்றவர் பக்கமிருந்து எழுதினால் 'லாஸ்ட் டு'. 'லாஸ்ட் அகைன்ஸ்ட்' என்பது நம் ஊரில் பரவலாக இருந்தாலும் 'டு' தான் சுத்தம்.

இதைச் சரிசெய்யப் போய் 'ஹி வன் ஓவர் ஹிஸ் ரைவல்' என்று எழுதுவோர் உண்டு. இது முன்னதைவிட மோசம். 'வின் ஓவர்' என்றால் மனதைக் கவர்ந்து தன் பக்கம் இழுத்துக்கொள்வது. எதிர்வேட்பாளர் கட்சி மாறிவிட்டார் என்றே ஆங்கில வாசகர் நினைப்பார். ஆனால் பெயர்ச்சொல்லாக 'எ விக்டரி ஓவர் ஹிஸ் ரைவல்' முழுக்கச் சரி. வினையோடு வேண்டாம், பெயரோடு வரலாம்.

அடுத்தது முன்னிடைச் சொல். இங்கே ஜெயநகரைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ராமமூர்த்தி பெற்றது 57,797 வாக்கு, சௌமியா ரெட்டி பெற்றது 57,781. 'வன் வித் 57,797 வோட்ஸ்' என்றால் அவர் பெற்ற மொத்தம். 'வன் பை 16 வோட்ஸ்' என்றால் இடைவெளி. 'வித்' பெற்றதைச் சொல்லும், 'பை' மிஞ்சியதைச் சொல்லும். 'வன் வித் 16 வோட்ஸ்' என்று எழுதினால், தொகுதியில் 16 பேர் மட்டும் அவருக்கு வாக்களித்த கதையாகிவிடும். 'வித்தியாசத்தில்' என்ற நம் வேற்றுமை உருபு கையை இழுத்துக்கொண்டு போய் 'வன் இன் எ டிஃபரன்ஸ் ஆஃப் 16 வோட்ஸ்' என்று எழுதவைக்கும். ஆங்கிலத்தில் அப்படி ஒரு வழக்கு இல்லை. 'பை 16 வோட்ஸ்' போதும். கொஞ்சம் முறைப்படி வேண்டுமானால் 'பை எ மார்ஜின் ஆஃப் 16 வோட்ஸ்'.

மார்ஜினுக்கு அடைமொழி: 'நேரோ', 'ஸ்லிம்', 'தின்' ஒரு பக்கம், 'வைட்', 'லார்ஜ்', 'கம்ஃபர்டபிள்' மறுபக்கம். 'லெஸ் மார்ஜின்', 'ஹெவி மார்ஜின்' என்பவை 'குறைந்த', 'பலத்த' என்ற தமிழின் நிழல். 'லோ மார்ஜின்' என்று எழுதினால் கடையில் லாபம் குறைவு என்று வாசிக்கப்படும்.

தொகுதிப் பெயரோடு 'ஃப்ரம்': 'வன் ஃப்ரம் ஜெயநகர்' என்பது இந்திய ஆங்கிலத்தில் வேரூன்றிவிட்டது, இங்கே யாரும் திருத்த மாட்டார்கள். வெளிநாட்டு வாசகருக்கு 'வன் இன் ஜெயநகர்' அல்லது நேராக 'வன் ஜெயநகர்'. 'எலெக்டட் ஃப்ரம்' எங்கும் செல்லும். முழு வடிவம் 'எலெக்டட் டு தி அசெம்பிளி ஃப்ரம் ஜெயநகர்'; அவைக்கு 'டு', தொகுதிக்கு 'ஃப்ரம்'. போட்டியே இல்லாமல் வந்தவருக்கு 'வன் அன்அப்போஸ்டு' என்பதைவிட 'வாஸ் எலெக்டட் அன்அப்போஸ்டு' பொருத்தம், ஏனென்றால் அங்கே வெல்வதற்கு எதிரே யாரும் இல்லை. 2024 மக்களவைத் தேர்தலில் சூரத்தில் நடந்தது இதுதான்.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் செய்தித் தமிழ் 'வென்றுள்ளார்' என்பதை எங்கும் போடும், தேதியோடும் போடும்: 'சனிக்கிழமை வென்றுள்ளார்'. ஆங்கிலத்தில் 'ஹேஸ் வன்' என்று எழுதினால் கூடவே 'ஆன் சாட்டர்டே' வரக்கூடாது. நாள் சொன்னால் 'வன்', சொல்லாவிட்டால் 'ஹேஸ் வன்'. ஆசிரியர்கள் முதலில் வட்டமிடும் பிழைகளில் இது ஒன்று.

'வெற்றி' என்ற பெயர்ச்சொல்லும் ஆங்கிலத்தில் பல துண்டாகப் பிரிகிறது. தேர்வில் வெற்றி, தொழிலில் வெற்றி என்பதற்கெல்லாம் 'சக்ஸஸ்'. தேர்தல் வெற்றிக்கு 'விக்டரி' அல்லது 'வின்'. 'எலெக்டோரல் சக்ஸஸ்' என்று ஒன்று உண்டு, அது பல தேர்தல்களில் தொடர்ந்து நன்றாகச் செய்துவருவதைக் குறிக்கும்; ஒரு நாள் முடிவுக்கு அது ஆகாது. 'ட்ரையம்ஃப்' என்ற சொல்லில் பாராட்டு கலந்திருக்கிறது. கட்டுரையில் உங்கள் கருத்தாக எழுதலாம், செய்தியில் வேண்டாம். 'மேண்டேட்' என்பதும் அப்படியே: வென்றவர் தம் வெற்றிக்குக் கொடுக்கும் விளக்கம் அது. அவர் சொன்னதாகவே எழுதுங்கள்.

வென்றது எதை? 2018-ஐப் பாருங்கள்

இந்தக் கேள்விக்குக் கர்நாடகத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. 2018 மே மாதம் 224-ல் 222 தொகுதிகளில் எண்ணிக்கை. பா.ஜ.க. 104, காங்கிரஸ் 78, மதச்சார்பற்ற ஜனதா தளம் 37. வாக்கு விகிதமோ தலைகீழ்: காங்கிரஸுக்குச் சுமார் 38 சதவீதம், பா.ஜ.க.வுக்குச் சுமார் 36. மே 17 அன்று பா.ஜ.க.வின் எடியூரப்பா முதல்வராகப் பதவியேற்றார், மே 19 அன்று விலகினார். மே 23 அன்று ஜனதா தளத்தின் குமாரசாமி காங்கிரஸ் ஆதரவோடு முதல்வரானார்.

யார் வென்றார்கள்? 'காங்கிரஸ் வன் தி மோஸ்ட் வோட்ஸ்' உண்மை. 'பா.ஜ.க. வன் தி மோஸ்ட் சீட்ஸ்' உண்மை. 'நோ பார்ட்டி வன் எ மெஜாரிட்டி' உண்மை. 'ஜனதா தளம்-காங்கிரஸ் கூட்டணி ஃபார்ம்டு தி கவர்ன்மெண்ட்' உண்மை. 'வன் தி இலெக்ஷன்' என்று மட்டும் இவர்களில் எவருக்கும் எழுத முடியாது. அதிக இடம் பெற்ற கட்சிக்கு 'எமர்ஜ்டு அஸ் தி சிங்கிள் லார்ஜஸ்ட் பார்ட்டி', அவைக்கு 'ஹங் அசெம்பிளி'. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கன்னட நண்பர் 'அதந்த்ர' என்பார், அதேதான். அவர்களுடைய 'முன்னடெ' நம் முன்னிலை, 'அந்தர' நம் வித்தியாசம், 'ஸ்பஷ்ட பஹுமத' என்றால் தெளிவான பெரும்பான்மை. இந்த நான்கு சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டால் கன்னடத் திரையைப் பார்த்தே பாதி வேலை முடியும்.

2024 மக்களவையும் இதே வகைதான். பா.ஜ.க.வுக்கு 240 இடம்; 543 பேர் கொண்ட அவையில் பெரும்பான்மைக்கு 272 தேவை. ஆகவே கட்சிக்கு 'ஃபெல் ஷார்ட் ஆஃப் எ மெஜாரிட்டி', 293 பெற்ற அதன் கூட்டணிக்கு 'வன் எ மெஜாரிட்டி'. எழுவாயைக் கட்சியிலிருந்து கூட்டணிக்கு மாற்றினால் பயனிலையும் மாற வேண்டும். வாக்கியத்தின் முதல் பாதியில் கட்சியும் இரண்டாம் பாதியில் கூட்டணியின் எண்ணும் வந்து கலந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

'மெஜாரிட்டி' என்ற சொல்லிடம் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும், அதற்கு மூன்று வீடு இருக்கிறது. நாம் பழகிய பொருள் பாதிக்கு மேல்: 224-ல் பாதி 112, பெரும்பான்மை 113. 'ஹாஃப்வே மார்க்' 112, 'மெஜாரிட்டி மார்க்' 113. ஓர் இட வித்தியாசம்தான், ஆனால் ஆட்சியே அதில் தொங்கும். இரண்டாவது, பிரிட்டிஷ் வழக்கில் தொகுதி அளவில் 'எ மெஜாரிட்டி ஆஃப் 5,000' என்றால் 5,000 வாக்கு வித்தியாசம், அவ்வளவே. மூன்றாவதும் பிரிட்டிஷ் வழக்குதான், நாடாளுமன்ற அளவில்: 2024-ல் தொழிற்கட்சிக்கு 'எ மெஜாரிட்டி ஆஃப் 174' என்று எழுதினார்கள். சபாநாயகரையும் சேர்த்து அவர்கள் 412, மற்ற எல்லோரும் 238, கழித்தால் 174. அதைத் '174 இடங்களோடு பெரும்பான்மை' என்று தமிழாக்கினால் 650 பேர் கொண்ட அவையில் கணக்கு எங்கேயோ போய்விடும். அமெரிக்கர்கள், பாதியைத் தொடாமல் மற்றவர்களைவிட அதிகம் பெறுவதற்குத் தனியாக 'ப்ளுராலிட்டி' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். இந்தியச் செய்தியில் அது யாருக்கும் புரியாது.

'போல்' என்பதிலும் இரண்டு பொருள். பன்மையில் 'தி போல்ஸ்' என்றால் இங்கே தேர்தல். ஒருமையில் 'எ போல்' என்றால் கருத்துக்கணிப்பு. 'வன் தி போல்' என்று எழுதினால் கருத்துக்கணிப்பில் முந்தினார் என்றாகும். இந்த ஒரு எழுத்தை விட்டுவிடாதீர்கள்.

அளவுக்கு ஏற்ற அடைமொழி

'லேண்ட்ஸ்லைடு' எதிராளியைப் புதைத்துவிடும் வெற்றி. 2015 தில்லி சட்டமன்றத்தில் ஆம் ஆத்மி கட்சி 70-ல் 67 பெற்றதே, அதற்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். 'பை எ லேண்ட்ஸ்லைடு', 'இன் எ லேண்ட்ஸ்லைடு' இரண்டும் சரி. கர்நாடகத்தின் 135-க்கு இதைப் போடலாமா? 224-ல் 60 சதவீதம். மூன்றில் இரண்டு பங்குக்கு 150 வேண்டும். எங்கள் கணிப்பில் 'டிஸைசிவ் விக்டரி' அல்லது 'எ க்ளியர் மெஜாரிட்டி' நேர்மையானது. இதைவிடப் பெரிய வெற்றி வரும் நாளுக்கு ஒரு சொல்லை மிச்சம் வைத்திருப்பது நல்லது. மழைக்காலத்தில் குடகு, வயநாடு பக்கம் உண்மையான நிலச்சரிவுச் செய்தி ஓடும் நாளில் இந்தச் சொல்லைத் தேர்தலுக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். உயிர் போன வீடுகள் இருக்கும் பக்கத்தில் அதே சொல் வெற்றிக்கு வருவது மனதைப் புண்படுத்தும்.

'க்ளீன் ஸ்வீப்' என்றால் ஒன்றுகூட விடாமல். 2024-ல் தி.மு.க. கூட்டணி தமிழ்நாட்டின் 39 மக்களவை இடங்களையும் பெற்றது க்ளீன் ஸ்வீப். 2019-ல் அதே கூட்டணி 38 பெற்றது க்ளீன் ஸ்வீப் அல்ல. 'நியர் ஸ்வீப்' என்று எழுதலாம். இதில் பேரம் கிடையாது, ஒன்று குறைந்தாலும் சொல் செல்லாது.

சின்ன வித்தியாசத்துக்கு 'வேஃபர்-தின்', 'ரேஸர்-தின்', 'பை எ விஸ்கர்'. நம் 'நூலிழையில்' என்பதற்கு மூன்றும் நெருங்கி வரும். ஆனால் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, மொத்தத்தோடு வைத்துப் பாருங்கள். நகராட்சி வார்டில் 48 வாக்கு என்பது சுமாரான வித்தியாசமாக இருக்கலாம். 2024-ல் மும்பை வடமேற்கு மக்களவைத் தொகுதியில் முதல் இருவரும் ஆளுக்கு நான்கரை லட்சம் வாக்கு பெற்று, 48-ல் முடிவானது. அதைவிட மெலிதாக, 2004-ல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளியில் ஒரே ஒரு வாக்கு. அங்கே அடைமொழியே தேவையில்லை, 'பை எ சிங்கிள் வோட்' என்று எண்ணை விட்டுவிட்டால் அதுவே பேசும். சமமாக வந்தால் சட்டப்படி சீட்டுக் குலுக்கல். அதற்கு 'வன் பை டிரா ஆஃப் லாட்ஸ்'.

சதவீதத்தில் ஒரு குழி இருக்கிறது. 2018-ல் சுமார் 38 சதவீதமாக இருந்த காங்கிரஸின் வாக்கு 2023-ல் சுமார் 43 ஆனது. '5 பர்சென்ட்' கூடியது என்று எழுதக்கூடாது. '5 பர்சென்டேஜ் பாயிண்ட்ஸ்'. 38-ல் 5 என்பது 13 சதவீத உயர்வு. இரண்டையும் குழப்பினால் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் அரை மணியில் போன் செய்வார்.

கை மாறுவதும் ஆட்சிக்கு வருவதும்

முன்பு யாரிடம் இருந்தது என்பதும் சொல்லைத் தீர்மானிக்கும். தக்கவைத்தால் 'ரிடெய்ன்'. மற்றவரிடமிருந்து பறித்தால் 'ரெஸ்ட்'. ஓய்வு என்ற பொருள் தரும் ரெஸ்ட் அல்ல, முன்னால் ஒலிக்காத டபிள்யூ இருக்கும், அதை விட்டு எழுதினால் வேறு சொல்லாகிவிடும். பதவியில் இருப்பவரைத் தோற்கடித்தால் 'அன்ஸீட்'. ஜெயநகரில் சௌமியா ரெட்டி 2018 ஜூனில் வென்று உறுப்பினராக இருந்தவர். ஆகவே 2023-ல் 'ரெஸ்டட் தி சீட் ஃப்ரம் காங்கிரஸ்' சரி, அவரை 'அன்ஸீட்டட்' என்பதும் சரி. முந்தைய முடிவைச் சரிபார்க்காமல் இந்தச் சொற்களை எழுதவே கூடாது.

'ஆட்சியைப் பிடித்தது' என்ற நம் வழக்குதான் ஆபத்தானது. 'ஸீஸ்டு பவர்' என்றால் ராணுவப் புரட்சி. 'கேப்ச்சர்டு பவர்' இந்தியப் பத்திரிகைகளில் நிறைய வரும், இருந்தும் வெளியூர்க் காதில் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். 'கேம் டு பவர்', 'வாஸ் வோட்டட் டு பவர்' போதும். பெரிய வெற்றியோடு வந்தால் 'ஸ்வெப்ட் டு பவர்'. 'பேக்டு 135 சீட்ஸ்' (பையில் போட்டுக்கொண்டது என்ற பொருளில்) என்பதும் நம் ஊர்த் தலைப்பு மொழி. உள்ளூர் வாசகருக்குப் போடலாம்.

தமிழ் மரபுத்தொடர்களில் சிலதை அப்படியே விட்டுவிட வேண்டும். வாகை சூடினார், வெற்றிக்கனி பறித்தார் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'வன்' தான். பூவும் பழமும் வேண்டாம். 'வெற்றி வாய்ப்பை இழந்தார்' என்பது தோற்றவருக்கு நாம் காட்டும் மரியாதை. அதை 'லாஸ்ட் தி சான்ஸ் ஆஃப் விக்டரி' ஆக்கினால், இன்னும் வாக்குப்பதிவு நடக்காதது போலத் தொனிக்கும். 'லாஸ்ட்' என்று எழுதுங்கள். ஆங்கிலத்தில் அது மரியாதைக் குறைவு அல்ல. 'டெபாசிட் இழந்தார்' மட்டும் நேராகப் போகும்: 'லாஸ்ட் ஹிஸ் டெபாசிட்'. செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாதவருக்கு மட்டும். சட்டமன்றத்துக்குப் பொதுப் பிரிவில் 10,000 ரூபாய், மக்களவைக்கு 25,000. படுதோல்விக்கெல்லாம் அலங்காரமாக இதைச் சேர்க்காதீர்கள்.

பெங்களூருவில் வார்டு உறுப்பினர் 'கார்ப்பரேட்டர்'. சென்னைச் செய்தியில் அவர் 'கவுன்சிலர்'. ஒரே வாக்கியத்தில் இரண்டு ஊரும் வந்தால் அந்தந்த ஊர்ச் சொல்லையே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வாக்கியத்தைத் திருத்திப் பார்ப்போம்

தமிழ்ச் செய்தி இப்படி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 'ஜெயநகர் தொகுதியில் பா.ஜ.க. வேட்பாளர் ராமமூர்த்தி, காங்கிரஸின் சௌமியா ரெட்டியை 16 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றுள்ளார்.'

முதல் முயற்சி வழக்கமாக இப்படி இருக்கும்: 'பிஜேபி கேண்டிடேட் ராமமூர்த்தி ஹேஸ் வன் சௌமியா ரெட்டி ஆஃப் காங்கிரஸ் இன் எ டிஃபரன்ஸ் ஆஃப் 16 வோட்ஸ்.' ஆளை 'வின்' ஏற்காது, 'இன் எ டிஃபரன்ஸ்' வழக்கில் இல்லை. இரண்டாம் முயற்சியில் 'வன் ஓவர் சௌமியா ரெட்டி வித் எ லெஸ் மார்ஜின்' என்று மாறும். இப்போது அவர் கட்சி மாறிவிட்டார், எண்ணும் போய்விட்டது.

தாளில் எழுதிய நான்கு குறிப்புக்குத் திரும்புங்கள். வேட்பாளர். தொகுதி, முன்பு காங்கிரஸிடம் இருந்தது. 16, மொத்தத்தோடு பார்த்தால் நூலிழை. அறிவித்தவர் தேர்தல் அதிகாரி, மறு எண்ணிக்கைக்குப் பிறகு. வாக்கியம்: 'ராமமூர்த்தி ஆஃப் தி பிஜேபி டிஃபீட்டட் தி சிட்டிங் காங்கிரஸ் எம்.எல்.ஏ., சௌமியா ரெட்டி, பை 16 வோட்ஸ் இன் ஜெயநகர் ஆஃப்டர் எ ரீகவுண்ட்.' அடைமொழி ஒன்றுகூட இல்லை. தலைப்புக்கு நிகழ்காலம், இன்னும் குறுக்கி: 'பிஜேபி வின்ஸ் ஜெயநகர் பை 16 வோட்ஸ்.'